4,320 முறை 'இன்னும் ஓடுகிறது'

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது. திருவட்டாறில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, அம்மா அரிசி போட்டு வைக்கும் டின்னுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவில் ஒரு ஆர்ம் கணினி (கைபேசிகளில் உள்ளது போன்ற சில்லு கொண்டது) இருக்கிறது. அதற்கென்று ஒரு சின்ன யுபிஎஸ், ஒரு பச்சை விளக்கு. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் அந்த விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். மினுக்கினால் பில்டு, அதாவது மூலநிரலை நிறுவத் தகுந்த மென்பொருளாகக் கட்டும் வேலை, ஓடுகிறது என்று பொருள். அந்த வாரம் சனிக்கிழமை ராத்திரி மினுக்கத் தொடங்கியது, செவ்வாய்க்கிழமையும் மினுக்கிக்கொண்டே இருந்தது. பில்டு மட்டும் முடியவில்லை.

தமிழ் எழுத்துப்பிழை திருத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. யாராவது மூலநிரலில் ஒரு திருத்தம் சேர்த்தால், அதை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகளில் நிறுவத் தகுந்த பேக்கேஜாகக் கட்டும் வேலையைத் தானியங்கி ஏற்பாடு ஒன்று செய்கிறது. சாதாரண மேசைக் கணினிகளுக்கான பில்டு, ஒரு நண்பர் தந்த சர்வரில் ஓடும். ஆர்ம் கணினிகளுக்கான பில்டு ஓடுவது எங்கள் மாடிப்படிக்குக் கீழே. ஒரு நேரத்தில் ஒரு பில்டுதான். அது நின்றால் பின்னால் உள்ளதெல்லாம் வரிசையில் நிற்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசையில் 23 நின்றன.

ஆர்ம் பேக்கேஜுக்காகக் காத்திருக்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் அவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அருமனைப் பக்கம் இருக்கும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விலை குறைந்த ஒரு ஆர்ம் போர்டைப் பழைய டிவியில் இணைத்து, நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சுச் சொற்களைப் பல வருடமாகத் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறார். பலாவைச் சக்கை என்றும், மரவள்ளியை மரச்சீனி என்றும், முந்திரியைக் கொல்லாங்கொட்டை என்றும் சொல்லும் ஊர் இது. அவர் எதைத் தட்டினாலும் எங்கள் திருத்தி சிவப்புக் கோடு போட்டது. "நாம சொல்லுகதெல்லாம் பிழையா மக்கா?" என்று ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. அவர் சேர்த்ததில் 1,140 சொற்களை வாங்கி, மூன்று மாதம் உட்கார்ந்து சரிபார்த்து அகராதியில் சேர்த்தேன். அந்தப் பதிப்புதான் சனிக்கிழமை பில்டுக்குப் போனது.

சார் தினமும் காலையில் அழைப்பார்.

"மக்கா, வந்தாச்சா?"

"இல்ல சார், மெஷின்ல கெடக்கு."

"பைய வரட்டு."

அவசரப்படுத்தமாட்டார். அதனாலேயே எனக்கு அவசரமாக இருந்தது.

நிலவரப் பக்கத்தில் 'பில்டிங்' என்றே இருந்தது. லாக்கை, அதாவது பில்டு வரிவரியாக எழுதும் பதிவை, திறந்தால் கடைசி வரி: 'இன்னும் ஓடுகிறது'. அதற்கு முந்தின வரியும் 'இன்னும் ஓடுகிறது'. நிமிடத்துக்கு ஒரு வரியாக, மேலே மேலே அதுவே. மார்த்தாண்டத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன் எங்கள் குழுவில் உண்டு. போனில் சொன்னான்: "அண்ணா, அதை நிறுத்திட்டு ரீட்ரை அமுக்குங்க. போன வாரமும் ரெண்டாவது தடவையில போச்சுல்லா?"

போன வாரம் போனது உண்மை. அதற்கு முந்தின மாதமும் ஒருமுறை அப்படித்தான். ரீட்ரை அமுக்கி முதலிலிருந்து ஓடவிட்டால் தேறிவிடும் என்ற நம்பிக்கை எங்கள் எல்லோருக்கும் படிந்திருந்தது. நானும் பலமுறை அமுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பில்டோடு, அது ஏன் நின்றது என்ற தடயமும் அழிந்துபோனது.

பில்டு 'நிற்கிறது' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் வகை உண்டு. சில பில்டுகள் தொடங்கவே இல்லை. தனக்கு வேண்டிய இன்னொரு பேக்கேஜ் வராமல் காத்திருக்கும். டெபியனின் நிலவரப் பக்கத்தில் அதை 'டெப்-வெயிட்', 'பிடி-அன்இன்ஸ்டாலபிள்' என்று தனித்தனியாகவே எழுதிவிடுவார்கள். அங்கே மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை, வராத பேக்கேஜைத் தேடிப் போக வேண்டும். இன்னொரு வகை, பில்டு எடுத்துக்கொண்ட கணினி செத்துப்போவது. கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் ஓய்ந்து கணினி அணைந்திருக்கும். நிலவரப் பக்கம் மட்டும் அது உயிரோடிருப்பதாக நினைத்து 'பில்டிங்' என்றே காட்டும். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. அதனால் அந்த வகையை நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம். இந்த முறை விளக்கு எரிந்தது, கணினிக்குள் நுழையவும் முடிந்தது. அப்படியென்றால் மூன்றாவது வகை: ஓடத் தொடங்கி, நடுவில் எங்கேயோ எதற்கோ காத்து நிற்பது.

இதற்குத் தெரிந்த காரணங்கள் பல. பில்டு நடக்கும் அடைப்புக்குள் பெரும்பாலும் இணையம் இருக்காது. அது தெரியாமல், நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை இணையத்தில் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். மறையாக்கச் சாவி உருவாக்கும் சோதனைகள் ஒரு காலத்தில் தற்செயல் எண்கள் போதாமல் மணிக்கணக்கில் நின்றன. 2020-ல் வந்த லினக்ஸ் 5.6-ல் அந்தத் தொல்லையின் பெரும்பகுதி தீர்ந்தது. ஒரே நிரலுக்குள் பல வேலைகள் தனித்தனி இழைகளாக ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நிரல் தன்னையே பிரதி எடுத்தால், பூட்டைத் திறக்க வேண்டிய இழை பிரதியில் இருக்காது, பூட்டியபடியே கிடக்கும். இப்படி நிற்பவற்றைக் கண்டுபிடிக்கத்தான் எஸ்பில்டு என்ற கருவியில் ஒரு காவல் இருக்கிறது. லாக்கில் 150 நிமிடம் ஒரு வரியும் வராவிட்டால் பில்டை அதுவே கொன்றுவிடும். நாங்களும் எஸ்பில்டுதான் வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் மூன்று நாளாகக் கொல்லவில்லை. ஏனென்றால் லாக்கில் நிமிடத்துக்கு ஒரு வரி வந்துகொண்டே இருந்தது.

அந்த வரியை எழுதியவன் நான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒவ்வொரு சொல்லின் எல்லா வடிவங்களையும் எழுதி அகராதியை விரிக்கும் கட்டம், இந்தச் சிறிய கணினியில் 150 நிமிடத்துக்கு மேல் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடும். உயிரோடிருக்கும் பில்டைக் காவல் கொன்றுவிடும். அதைத் தடுக்க, பின்னணியில் நிமிடத்துக்கு ஒருமுறை 'இன்னும் ஓடுகிறது' என்று எழுதும் இரண்டு வரியைச் சேர்த்தேன். அகராதி விரிப்பில் தொடங்கி, சோதனைகள் முடியும்வரை அது எழுதும். பிறகு குழுவில் ஒருவர் அந்த விரிப்பைத் திருத்தி எழுதி 12 நிமிடமாக்கிவிட்டார். என் இரண்டு வரிக்கு அன்றே வேலை போயிற்று. நான் அகற்றவில்லை. மூன்று நாளில் 4,320 முறை அது எழுதியது பொய். என் பொய்யை நம்பித்தான் காவல் சும்மா இருந்தது.

நிறுத்திவிட்டு ரீட்ரை அமுக்கக் கை போனபோது எனக்கு மாமா நினைவு வந்தது. அம்மாவின் அண்ணன். தேரூர்ப் பக்கம் கடைமடையில் வயல். சின்ன வயதில் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் அங்கே போய்விடுவேன். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைத் திறந்து, கன்னிப்பூ சாகுபடிக்குச் சானலில் தண்ணீர் விட்டிருப்பார்கள். கடைமடைக்கு மட்டும் வராது. மேல்பக்கம் யாரோ மறிக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பும். மண்வெட்டியோடு கரையை வெட்ட நாலு பேர் புறப்படுவார்கள். மாமா வெட்ட விடமாட்டார். "மருமகனே, கரையில கை வைக்காத. மேல நட." ஒரு ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தோம். ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் ஆகாயத்தாமரையும் சாக்கும் பிளாஸ்டிக்கும் திரண்டு அடைத்துக் கிடந்தது. நான் மேலே கிடந்ததைப் பிடுங்கப் போனேன். மாமா தடுத்தார். "முதல்ல சிக்குனது எதுன்னு பாரு." குனிந்து கையை விட்டுத் துழாவி, குறுக்கே மாட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பை இழுத்தார். வாழைக்கு முட்டுக் கொடுத்த கம்பு. அதை எடுத்ததும் மற்றதெல்லாம் தானாகப் போயிற்று. மேலே கிடந்ததை நான் பிடுங்கியிருந்தால் மறுநாள் அதே இடத்தில் திரும்ப அடைத்திருக்கும்.

அதனால் பில்டை நிறுத்தவில்லை. கட்டன் சாயா போட்டுக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே பாயைப் போட்டு உட்கார்ந்தேன். மணி பத்தரை. வெளியே ரப்பர் இலையில் மழை அடிக்கும் சத்தம்.

முதலில் லாக்கை மேலிருந்து வாசித்தேன். யாரும் செய்யாத காரியம் அது. எல்லோரும் கடைசி வரிகளைத்தான் பார்ப்போம். 'இன்னும் ஓடுகிறது' வரிகளை வடிகட்டி எடுத்தபோது, தொடங்கிய 19-வது நிமிடத்தில் ஒரு வரி கிடைத்தது: '214 சோதனைகளும் தேறின'. கடைசிச் சோதனை தொங்குகிறது என்றுதான் எல்லோரும் சத்தியம் செய்துகொண்டிருந்தோம். சோதனைகள் முடிந்தே மூன்று நாள் ஆகிவிட்டது. நான்காயிரம் பொய்க்கு அடியில் அந்த ஒரு நல்ல செய்தி புதைந்து கிடந்தது.

அடுத்து, கணினியில் ஓடும் செயல்களை, எது எதைத் தொடங்கியது என்று காட்டும் மரமாகப் பார்த்தேன். எஸ்பில்டு, அதற்குக் கீழே பேக்கேஜ் கட்டும் கட்டளை, அதற்குக் கீழே மேக் என்ற கட்டுமானக் கருவி, அதற்குக் கீழே கட்டளைகளை ஓட்டும் ஷெல். அந்த ஷெல்லுக்கு இரண்டு பிள்ளைகள் மட்டும். ஒன்று, என் 'இன்னும் ஓடுகிறது'. இன்னொன்று 'டீ' என்ற சின்ன நிரல். சோதனைகள் சொல்வதைக் கேட்டு, திரைக்கு ஒன்றும் கோப்புக்கு ஒன்றுமாக எழுதிவைக்கும் எழுத்தர் அது. சோதனை நிரலை அந்த மரத்தில் காணவே இல்லை. சொல்கிறவர் போய்விட்டார், எழுத்தர் பேனாவோடு காத்திருக்கிறார்.

எழுத்தர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று, ஒரு நிரல் இயங்குதளத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியை வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரி வந்தது. ரீட், ஒரு அடைப்புக்குறி, சுழி, காற்புள்ளி. அதோடு நின்றது, அடைப்புக்குறி மூடவில்லை. சுழி என்றால் தனக்கு வரும் குழாய். அதிலிருந்து வாசிக்கக் கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை. குழாயின் மறுமுனையைப் பிடித்திருக்கிற எல்லோரும் கையை விட்டால்தான் 'இனி ஒன்றும் வராது' என்று அதற்குத் தெரியும். சோதனை நிரல் கையை விட்டாயிற்று. அப்படியானால் வேறு யாரோ இன்னும் பிடித்திருக்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடிக்க லினக்ஸ் வழி தருகிறது. ஒவ்வொரு செயலும் திறந்து வைத்திருக்கும் குழாய்களை எண்ணோடு 'ப்ராக்' அடைவில் காட்டும். எழுத்தரின் குழாய் எண் 48213. அதே எண் வேறு எங்கே இருக்கிறது என்று எல்லாச் செயல்களிலும் தேடச் சொன்னேன். இன்னொரு இடத்தில் அகப்பட்டது: எங்கள் திருத்தியின் டீமன். அகராதியை நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு விடை சொல்லப் பின்னணியில் உட்கார்ந்திருக்கும் நிரல். அதன் தாய்ச்செயல் எண் ஒன்று என்று இருந்தது. பெற்ற நிரல் போனபின் அனாதையாகி, கணினியின் முதல் செயலிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் தாயிடமிருந்து வாங்கிய குழாய் முனையை விடவில்லை.

முதலில் சிக்கியது அகப்பட்டுவிட்டது. செயல் மரம், குழாய்ப் பட்டியல், லாக், மூன்றையும் பிரதி எடுத்து வைத்தேன். பிறகு அந்த டீமனை மட்டும் கொன்றேன். ஒரு நொடி ஆகியிருக்காது. எழுத்தர் எழுந்து போனார். 'இன்னும் ஓடுகிறது' ஓய்ந்தது. மூன்று நாளாக அசையாத லாக்கில் வரிகள் குபுகுபுவென்று ஓடின. ஒரு நிமிடத்துக்குள் பேக்கேஜ் கட்டி முடிந்தது. எனக்குக் கண் கலங்கியது உண்மை. அம்மா எழுந்து வந்து, "என்னடே, கரண்ட் போச்சா?" என்று கேட்டாள்.

அந்தப் பேக்கேஜை நான் வெளியிடவில்லை. கையால் தட்டி எழுப்பியது அடுத்த வாரமும் படுத்துக்கொள்ளும்.

டீமன் ஏன் உயிரோடிருந்தது என்பது மறுநாள் வேலை. கடைசிச் சோதனை, டீமனைத் தொடங்கும் கட்டளை ஒழுங்காகத் திரும்புகிறதா என்று மட்டும் பார்க்கும். பிறகு துப்புரவு நிரல் 3 நொடி பொறுத்து, டீமன் தன் எண்ணை எழுதிவைக்கும் பிஐடி கோப்பைப் பார்த்து அதைக் கொல்லும். கோப்பு இல்லாவிட்டால் டீமன் தொடங்கவே இல்லை என்று நினைத்துப் போய்விடும். டீமன் தன் எண்ணை எழுதுவதோ, அகராதியை முழுதும் ஏற்றிய பிறகு. முன்பெல்லாம் அதற்கு இந்தக் கணினியில் 2 நொடி. வேறு வேலை ஓடும் நேரத்தில் அபூர்வமாக 3 நொடியைத் தாண்டும். ரீட்ரையில் சரியாகிப் போனதெல்லாம் அந்த அபூர்வங்கள். இப்போது ஐந்தாறு நொடி ஆகிறது. துப்புரவு வந்து போனபின், டீமன் சாவகாசமாக எண்ணை எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. சர்வரில் எல்லாம் ஒரு நொடிக்குள் முடிவதால் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாறு நொடி ஆனதற்குக் காரணம் சாருடைய சொற்கள். 1,140 சொல் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். தமிழில் சொல் தனியாக வராது. சக்கையை, சக்கையால், சக்கைக்கு, சக்கையின், சக்கையில், சக்கையிலிருந்து. பன்மையில் சக்கைகள் என்று தொடங்கி மறுபடி அத்தனையும். ஒவ்வொன்றோடும் உம், ஆ, ஏ, தான். எங்கள் திருத்தி வடிவங்களை முன்கூட்டியே விரித்து வைக்கும் வகை. சாருடைய சொற்கள் விரிந்து இரண்டரை லட்சம் வடிவங்களாக நின்றன.

குழுவில் இதைச் சொன்னதும் இரண்டு யோசனை வந்தன. ஒன்று, துப்புரவு 3 நொடிக்குப் பதில் 10 நொடி பொறுக்கட்டும். இன்னொன்று, ஆர்மில் அந்தச் சோதனையை விட்டுவிடலாம். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். சொற்கள் இன்னும் வரும், 10 நொடியும் ஒருநாள் போதாது. சோதனையை விட்டால் பில்டு தேறும். ஆனால் டீமன் அந்தக் குழாயை விடாமல் பிடிக்கும் பழக்கம் பயனர் கணினிக்கும் போகும். அங்கே எது தொங்குகிறது என்று பார்க்க அவர்களுக்கு வழியிருக்காது.

2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரல் நூலகத்தில், கள்ளத்தனமாக உள்ளே நுழைய வைத்த பின்கதவு அகப்பட்டதை இந்த வேலை செய்கிற யாரும் மறக்க முடியாது. தீய நிரலைச் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து, டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டப்படும்போது மட்டும் விழிக்கும்படி வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் அதைப் பிடித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியான உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி போலத் தாமதமானது அவருக்கு உறுத்தியது. அரை நொடி. அவர் ஏன் என்று கேட்டதால் உலகம் முழுக்க எத்தனையோ சர்வர்கள் தப்பின. நாங்கள் மூன்று நாளை ரீட்ரையால் துடைக்கப் பார்த்தோம்.

செய்த திருத்தங்கள் சிறியவை. டீமன் தொடங்கியதும் தாயிடம் வாங்கிய குழாய்களை மூடிவிட்டுத் தன் லாக் கோப்பில் எழுதும். தொடங்கும் கட்டளை, டீமன் தயாராகி எண்ணை எழுதிய பிறகே திரும்பும். துப்புரவு நொடி எண்ண வேண்டியதில்லை. மூன்றாவதாக, என் 'இன்னும் ஓடுகிறது' இரண்டு வரியையும் எடுத்துவிட்டேன். அந்தத் திருத்தத்தின் குறிப்பில், ஏன் சேர்த்தேன், எப்போது அகற்றியிருக்க வேண்டும், அதனால் என்ன நடந்தது என்று விவரமாக எழுதினேன். எங்கள் களஞ்சியத்திலேயே நீளமான குறிப்பு அதுதான். மார்த்தாண்டத்துத் தம்பி அதை வாசித்துவிட்டு, தொங்கும் பில்டைக் கொல்லும் முன் செயல் மரத்தையும் குழாய்ப் பட்டியலையும் தானாகப் பிரதி எடுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி அனுப்பினான். இப்போது 150 நிமிடக் காவல் அடிக்கும் முன் அது ஓடுகிறது. அவன் செய்ததுதான் இதில் உருப்படியான வேலை என்று நினைக்கிறேன்.

வியாழன் ராத்திரி பில்டு 21 நிமிடத்தில் முடிந்தது. திரும்பத் திரும்பப் பத்து முறை ஓட்டினேன், இரண்டாவது வேலையொன்றை வேண்டுமென்றே பக்கத்தில் ஓடவிட்டும் பார்த்தேன். பத்தும் தேறின. பிறகு வரிசையில் நின்ற 23-ம் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின.

வெள்ளிக்கிழமை காலையில் நானே அழைத்தேன். சார் நிறுவிவிட்டுத் திரும்ப அழைத்தார். பின்னால் டிவி திரைக்கு முன் அவர் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சக்கைக்குக் கோடு இல்ல மக்கா. மரச்சீனிக்கும் இல்ல. கொல்லாங்கொட்டை... இல்ல." கொஞ்ச நேரம் தட்டினார். "சீனிக்கிழங்குக்குக் கோடு போடுதே."

எழுதிக்கொண்டேன்.